"உன் நல்லதுக்குத்தான்": வேலையிடத்துக் கரிசனப் பாகுபாடு, ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை ஒன்றில், பழக்குலை ஏற்றிவரும் லாரிகளை எடை போடும் மேடைக்குக் கிராணி (எழுத்தர்) ஒருவர் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்து, கணக்கியலில் டிப்ளோமாவும் பெற்ற தோட்டத்துப் பெண் ஒருவர் விண்ணப்பிக்கிறார். மேலாளர் அவரிடம் மரியாதையாகவே பேசுகிறார். "இது ராத்திரி ஷிப்ட் உள்ள வேலைம்மா. லாரிக்காரங்களோட மல்லுக்கட்டணும். உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்? ஆபிஸ்ல பைல் பார்த்துக்கிற வேலை இருக்கு, அதுக்கு வாயேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறார். பெண்ணின் பெற்றோரும் நல்ல மனிதர் என்று அவரை வாழ்த்துகிறார்கள். எடைமேடை வேலை ஓர் இளைஞருக்குப் போகிறது. ஷிப்ட் அலவன்சும் ஓவர்டைமும் அவருக்குக் கிடைக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளர் இடம் காலியாகும்போது, ஆலையின் ஓட்டம் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கப்படுகிறது, அதற்கும் அவரே பொருந்துகிறார். பைல் பார்க்கப் போன பெண் அதே நாற்காலியில் இருக்கிறார். இதில் யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஒருவர் முன்னேறும் வழி அடைபட்டிருக்கிறது, அதை அடைத்தது அவர்மேல் காட்டப்பட்ட அக்கறைதான்.

இதைக் கரிசனப் பாகுபாடு என்று சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தைத் தெளிவாக வகுத்துத் தந்தது. பெண்களைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்குக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். ஒன்று பகைமுகம்: பெண்ணுக்கு மூளை போதாது, பெண் அதிகாரத்துக்கு வந்தால் இடம் உருப்படாது என்று வெளிப்படையாகச் சொல்வது. மற்றது கனிவான முகம்: பெண் மென்மையானவள், தூய்மையானவள், ஆண்தான் அவளைக் காத்து நடத்த வேண்டும் என்று நம்புவது. முதலாவதை இன்று பெரும்பாலானோர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள், பொது இடத்தில் அப்படிப் பேசுபவர் கண்டிக்கப்படுகிறார். இரண்டாவது, பாராட்டைப் போலவும் பண்பாட்டைப் போலவும் ஒலிப்பதால், அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பாகுபாடாகவே தோன்றுவதில்லை.

இவை ஒன்றுக்கொன்று எதிரானவை, கனிவு அதிகமுள்ள இடத்தில் பகை குறைந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளிவந்த ஆய்வில் அப்படிக் காணப்படவில்லை. பகைமுகம் ஓங்கியிருந்த நாடுகளிலேயே கனிவு முகமும் ஓங்கியிருந்தது. ஆண் வகுத்த எல்லைக்குள் நிற்கும் பெண்ணுக்குக் கனிவும், அதைத் தாண்டும் பெண்ணுக்குப் பகையும் கிடைக்கின்றன என்று அதைப் புரிந்துகொள்ளலாம். "தங்கச்சி, தங்கச்சி" என்று அழைத்துவந்த மேற்பார்வையாளர், அந்தத் தங்கச்சி பதவி உயர்வுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் போவதை வேலை செய்யும் பெண்களில் பலர் பார்த்திருப்பார்கள்.

வேலையிடத்தில் இந்த மனப்போக்கு செய்யும் கேட்டில் முதன்மையானது, கடினமான பொறுப்புகள் பெண்களின் கைக்கு வராமலே போவது. ஈடன் கிங் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கனிவான எண்ணம் மிகுந்த ஆண்கள், சவாலான பணிகளைப் பெண்களுக்கு ஒதுக்கத் தயங்கியது தெரியவந்தது. அத்தகைய பணிகளில் ஆர்வம் இருபாலாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தும் இப்படி நடந்தது. கடினமான வேலையைச் செய்துதான் ஒருவர் திறமையை வளர்த்துக்கொள்கிறார், அதை மற்றவருக்குக் காட்டவும் செய்கிறார் என்பதால், அதிலிருந்து "காப்பாற்றப்படுபவர்" பின்தங்குவது உறுதி. இன்னொரு கேடு மனத்துக்குள் நிகழ்வது. 2007-இல் பெல்ஜியத்தில் பெனுவா டார்டென் குழுவினர், வேலைக்குத் தேர்வு எழுத வந்தவர்களைப் போன்ற சூழலில் பெண்களை வைத்து நடத்திய சோதனைகளில், வெளிப்படையாக இழிவுபடுத்தும் பேச்சைவிடக் கனிவாகத் தாழ்த்தும் பேச்சே அவர்களது தேர்வுத் திறனை அதிகம் குறைத்தது. திட்டியவரை மனத்துக்குள் தள்ளுபடி செய்துவிட்டுத் தேர்வில் கவனம் செலுத்த முடிகிறது. அக்கறையாகப் பேசியவரின் சொல்லோ, நம்மால் முடியாதோ என்ற ஐயத்தை உள்ளே விதைத்துவிடுகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணத்தின் வரலாறு அந்நியமானது அன்று. 1920-களின் இறுதியில், மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்த 1930-இல் அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. குறைத்தபோதும் விகிதம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தைக் காப்பவன் ஆண், பெண்ணின் கூலி அதற்குத் துணைக்கூலி, அவளுக்குத் தேவையும் குறைவு என்ற கணக்கு அந்த எண்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கணவனை இழந்து, பிள்ளைகளைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு விடியும் முன்னே பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு) நின்ற பெண்ணுக்கும் அதே துணைக்கூலிதான். அவளே குடும்பத்தலைவி என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நம்மவர்கள் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அதன் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் இந்தியருக்கும் வேண்டும் என்பது இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமார்களும் அவர்களைப் போல நடந்துகொண்ட அதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. இவ்விரண்டும் நியாயமான, துணிச்சலான கோரிக்கைகள். அந்தப் போராட்டத்தின்மேல் எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையாமலே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெண்ணின் மானத்தைக் காப்பது கோரிக்கையாக எழுந்த அளவுக்கு, அவளுக்கும் ஆணுக்கும் இடையிலிருந்த கூலி வேறுபாடு எழவில்லை. காக்கப்பட வேண்டியவள் என்ற பார்வை பெண்ணுக்குப் பாதி நியாயத்தையே பெற்றுத் தருகிறது என்பதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே இது சான்று.

காக்கப்பட வேண்டியவள் என்பது எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையை யார் செய்தார்கள் என்று பழைய தோட்டக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். களைக்கொல்லி நிரப்பிய பம்பை முதுகில் சுமந்துகொண்டு, பெரும்பாலும் போதிய கையுறையோ முகமூடியோ இல்லாமல், நாள்தோறும் நிரை நிரையாக நடந்தவர்களில் மிகப் பலர் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கி நடத்திய தெனாகனித்தா என்னும் தொழிலாளர் உரிமை அமைப்பு, இந்தப் பெண்களின் நகங்கள் கெட்டதையும், மூக்கிலிருந்து இரத்தம் வடிந்ததையும், கண்ணும் தோலும் எரிந்ததையும் பதிவு செய்து பல்லாண்டுகள் போராடியது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு 2002-இல் அறிவிக்கப்பட்ட தடை பின்னர் தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உடல் மென்மையானது என்று சொல்லி நல்ல கூலியுள்ள வேலையிலிருந்து பெண்ணை விலக்கியவர்கள், அதே உடலை நஞ்சுக்கு நடுவே அனுப்பத் தயங்கவில்லை. ஆபத்தின் அளவைப் பார்த்து இந்தக் கரிசனம் எழுவதில்லை. எந்த வேலைக்குக் கூலியும் மதிப்பும் அதிகமோ, அந்த வேலையின் வாசலில்தான் அது வந்து நிற்கிறது.

இரவு வேலையின் கதையும் இதையே காட்டுகிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தொழில்துறையிலும் விவசாயத்துறையிலும் பெண்களை இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று கூறியது. 35-ஆம் பிரிவு நிலத்தடி வேலையைத் தடுத்தது. பெண்களின் நலன் கருதி எழுதப்பட்ட விதிகள் இவை, உலகின் பல நாடுகளிலும் அக்காலத்தில் இத்தகைய விதிகள் இருந்தன. ஆனால் அதிகாரிகள் விலக்களிக்கலாம் என்ற வழியும் சட்டத்திலேயே இருந்தது. 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, இரவும் பகலும் இயந்திரங்களை ஓட்ட இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள், விலக்கும் கிடைத்தது. தோட்டத்து லயங்களின் முன்னால் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நின்றன. எங்கள் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்கு இன்றும் அப்படிப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஆக, குறைந்த சம்பளத்தில் சிறு பாகங்களைப் பொருத்துவதற்கு இரவு தடையாக இல்லை; மேற்பார்வையாளராகவும் இயந்திரப் பழுது பார்ப்பவராகவும் வர விரும்பும்போது மட்டும் இரவு ஆபத்தானதாகிவிடுகிறது. 34, 35 ஆகிய பிரிவுகள் 2022-இல் நிறைவேறிய திருத்தத்தால் நீக்கப்பட்டன. திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டத்திலிருந்து விதி போய்விட்டது என்றாலும், நேர்முகத் தேர்வு நடக்கும் அறைகளிலிருந்து அது இன்னும் போகவில்லை.

அந்தக் காலத்து முதலீட்டு விளம்பர ஏடு ஒன்று, கீழை நாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் அவற்றின் லாவகத்தையும் புகழ்ந்து வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்தது. கிளிக், ஃபிஸ்க் சொன்ன கனிவு முகத்தின் இன்னொரு கூறு இது: பெண்ணுக்கென்று தனிச் சிறப்புகளை எடுத்துச் சொல்லி, அந்தச் சிறப்புகளுக்குள்ளேயே அவளை நிறுத்திவிடுவது. பொறுமைசாலி என்பதால் வரவேற்பு மேசை, கையெழுத்து அழகு என்பதால் கூட்டக் குறிப்பு, பொறுப்பானவள் என்பதால் தீபாவளி விருந்து ஏற்பாடு. இவற்றில் எதுவும் சம்பள உயர்வுப் படிவத்தில் எழுதப்படுவதில்லை. இயற்கையாகவே வருவது என்று ஒரு திறமையைப் பெயரிட்டுவிட்டால், அதற்குப் பயிற்சியும் உழைப்பும் தேவைப்பட்டது என்பது மறைந்துபோகிறது. செம்பனைக் காட்டில் கணவன் குலை வெட்ட, மனைவி உதிரிப்பழம் பொறுக்கி, அவள் உழைப்பும் அவன் பெயரிலேயே கணக்கில் ஏறிய வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவி என்று அழைக்கப்பட்டதால் அது வேலையாகவே எண்ணப்படவில்லை.

கருவுற்ற பெண்ணிடம் இந்தக் கரிசனம் மிகத் தீவிரமாக வெளிப்படுகிறது. மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் 1991-இல் கருவுற்றார். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தம் கூறியது. அவர் மறுத்ததால் வேலை நீக்கப்பட்டார். வழக்கு 2005-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக முடிந்தது. அரசியலமைப்பின் 8-ஆம் விதி தரும் சமத்துவம் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலானது, தனியார் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 8(2) விதியில் பாகுபாட்டுக்கு எதிரான காரணங்களில் பாலினமும் ஒன்றாக 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. பிறகு, தற்காலிக ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூர்பாடில்லா அகமட் சைக்கின் கருவுற்றிருப்பது தெரிந்ததும் அந்த நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2011-இல் அந்த முடிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கருவுற்றிருப்பதைக் காரணம் காட்டி வேலையைப் பறிப்பது பாலினப் பாகுபாடு என்று நம் நாட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருப்பதை, இளம் பெண்கள் அனைவரும் அறிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தாயானவர்களைப் பற்றிய எண்ணமும் அப்படியே. 2007-இல் ஷெல்லி கோரெலும் உடன் ஆய்வாளர்களும், தகுதியில் சமமான விண்ணப்பங்களைத் தயாரித்து, சிலவற்றில் மட்டும் பிள்ளைகள் இருப்பதைக் குறிப்பாகச் சேர்த்து மதிப்பிடச் செய்தபோது, தாய்மார்கள் திறமையிலும் ஈடுபாட்டிலும் குறைவாக மதிப்பிடப்பட்டார்கள், அவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சம்பளமும் குறைந்தது. தந்தையருக்கு அப்படி எந்த இழப்பும் நேரவில்லை.

இவ்வளவையும் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழலாம், அது நியாயமான கேள்வியும்கூட. இருட்டான தோட்டச் சாலையும், பேருந்து இல்லாத நேரமும், தொல்லை கொடுப்பவர்களும் உண்மைதானே? மகளை அனுப்பத் தயங்கும் தாயைப் பழமைவாதி என்று சொல்லிவிட முடியுமா? நிச்சயமாக முடியாது. அந்த அச்சம் அனுபவத்திலிருந்து வருவது, அதை ஏளனம் செய்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது பாதுகாப்பையும் விலக்கலையும்தான். உண்மையான பாதுகாப்பில், ஆபத்தைக் குறைக்கும் செலவை நிர்வாகம் ஏற்கிறது: வாசல்வரை வந்து ஏற்றி இறக்கும் வேன், எடைமேடையில் விளக்கும் கேமராவும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, அத்துமீறும் லாரி ஓட்டுநரை ஆலைக்குள் விடாத விதி. விலக்கலில், ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கான விலையைப் பெண் தன் சம்பளத்தால் கட்டுகிறாள். மேலும், இரவில் விபத்துக்கும் வழிப்பறிக்கும் உள்ளாகும் ஆண் தொழிலாளிக்கும் அதே விளக்கும் வேனும் தேவைதான். பெண்ணை விலக்கிவிட்டால் அவற்றை யாரும் கேட்பதில்லை.

அவளிடம் கேட்டார்களா என்பதும் முக்கியம். வேலையின் நேரம், சம்பளம், சிரமம் எல்லாவற்றையும் சொல்லி, "உங்களால் வர முடியுமா?" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. கேட்காமலே அவருக்காக முடிவெடுப்பதுதான் பாகுபாடு. இதை ஆண்கள் மட்டுமே செய்வதில்லை. அலுவலகத்தில் மூத்த பெண்மணி ஒருவர், "கல்யாணம் ஆகப்போற பிள்ளை, அவளை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பாதீங்க" என்று அன்போடு சொல்வதும் இதில் சேரும். அவரே இளவயதில் அப்படி நிறுத்தப்பட்டவராக இருக்கக்கூடும்.

இந்த எண்ணங்கள் மாறக்கூடியவை என்பதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. ஈப்போவில் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையில் சேர்ந்து, பின்னர் ஆசிரியையான ராசம்மா பூபாலன், 1960-களில் பெண் ஆசிரியர் சங்கத்தின் வழி சம ஊதியத்துக்காகப் போராடினார். அன்று ஒரே வகுப்பை, ஒரே பாடத்தை நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். அப்போதும் சொல்லப்பட்ட காரணம், ஆண்தான் குடும்பத்தைக் காப்பவன் என்பதே. 1969-இல் அரசுப் பணியில் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. சமவேலைக்குச் சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை மலேசியா 1997-இல் ஏற்றது. 2013-இல் தொடங்கி இப்போது மாதம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உள்ள குறைந்தபட்சச் சம்பளம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 50 காசு, 40 காசு என்ற காலத்திலிருந்து இது பெரிய தூரம். ஆயினும், ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தொழிலாளர் அணியில் இருக்கும் நாட்டில், பெண்களில் அந்த விகிதம் அண்மைக் காலத்தில் 56 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இதற்குப் பிள்ளை பராமரிப்பு முதலிய காரணங்கள் பல உண்டு. உன் நல்லதுக்குத்தான் என்ற சொல்லும் அவற்றில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

இப்போதுள்ள சட்டம் தீபகற்பத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சில கருவிகளைத் தருகிறது. 2023 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது, தந்தைக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வேலையில் பாகுபாடு காட்டப்படுவதாகக் கருதுபவர் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். துறையின் தலைமை இயக்குநர் விசாரித்துப் பிறப்பிக்கும் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். இந்தப் பிரிவு ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. நேர்முகத்திலேயே திருப்பி அனுப்பப்பட்ட எடைமேடை விண்ணப்பதாரருக்கு அது கைகொடுப்பதில்லை, இது பெரிய குறை.

ஆகவே நேர்முகத்தில் இருப்பவர் தாமாகவே பேச வேண்டியிருக்கிறது. "இரவு ஷிப்ட் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், நான் அதற்குத் தயார், போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மரியாதையாகவும் தெளிவாகவும் கேட்கலாம். வேலையில் இருப்பவர், ஒரு பொறுப்பு தமக்கு மறுக்கப்பட்டால் யார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொன்னார் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பொறுப்பில் தமக்கு விருப்பம் உண்டு என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பிறகு புகார் செய்ய நேர்ந்தால் அந்தக் கடிதமே சான்று. ஆலையிலும் தோட்ட அலுவலகத்திலும் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அறிவிப்பிலேயே ஷிப்ட் நேரம், அலவன்ஸ், போக்குவரத்து வசதி ஆகியவற்றை அச்சிட்டுவிட்டு, வருகிற அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால் போதும். யாருக்கு எது நல்லது என்பதை விண்ணப்பித்தவரே முடிவு செய்துகொள்வார்.